பள்ளிக்கூடம் பட்ட கடன்

நூறு ரூபாய் கடன் வாங்கியவர் நூறு ரூபாயைத் திருப்பித் தந்துவிடலாம். நெல்லைக் கடனாகப் பெற்றவர் அடுத்த அறுவடையில் மரக்காலால் அளந்து கொடுத்துவிடலாம். ஆனால் ஒரு பள்ளிக்கூடம் ஒரு குழந்தைக்குத் தரவேண்டிய மூன்று ஆண்டுக் கல்வியைத் தராமல் விட்டுவிட்டது என்றால், அந்தக் கடனை எந்த மரக்காலால் அளப்பது? யார் அளப்பது? குழந்தையோ அதற்குள் வளர்ந்துவிடுகிறது. எட்டு வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றிருக்க வேண்டியவன் பதினெட்டு வயதில் வந்து நின்றால், அவனுக்கு எதை, எவ்வளவு காலம் கற்பித்தால் கணக்குத் தீரும்?

இந்த வினாவோடு அமெரிக்க ஐக்கிய நாட்டின் நீதிமன்றங்கள் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக மல்லாடி வந்திருக்கின்றன. மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்குப் பள்ளிகள் தரத் தவறிய கல்வியைப் பின்னராவது ஈடுசெய்து தரவேண்டும் என்னும் உரிமை அங்கே எவ்வாறு பிறந்தது, எவர் கையில் வளர்ந்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள். அவ்வாறு பின்னர்த் தரப்படும் கல்வியை நாம் ‘ஈட்டுக் கல்வி’ என்று வழங்குவோம்.

கடன் என்று ஒன்று இருக்கவேண்டுமானால், முதலில் கொடுக்கவேண்டிய கடமை ஒன்று இருந்தாக வேண்டும் அல்லவா? நெடுங்காலம் அக்கடமையே ஏற்கப்படவில்லை. 1918-ஆம் ஆண்டுக்குள் அமெரிக்க மாநிலங்கள் அனைத்தும் கட்டாயக் கல்விச் சட்டத்தை இயற்றிவிட்டன. எனினும் அக்கட்டாயம் எல்லாக் குழந்தைகளுக்கும் உரியதாக இல்லை. 1919-ஆம் ஆண்டில் விஸ்கான்சின் மாநிலத்தின் ஆன்டிகோ நகரிலிருந்து ஒரு வழக்கு அம்மாநில உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பிறவி முதலே கை கால்கள் முழுமையாக வசப்படாத சிறுவன் ஒருவன், பேச்சுத் தடுமாறும், வாயில் எச்சில் வழியும். படிப்பிலோ அவன் பின்தங்கியவன் அல்லன். ஐந்தாம் வகுப்புவரை அந்நகரப் பொதுப் பள்ளியிலேயே படித்தவன். அவனைக் காண்பது ஆசிரியர்களுக்கும் பிற மாணவர்களுக்கும் அருவருப்பையும் சோர்வையும் தருகிறது என்று கூறிப் பள்ளி வாரியம் அவனை வெளியேற்றியது. நீதிமன்றம் அதனைச் சரியென்றே ஏற்றுக்கொண்டது. அக்காலத்து மனநிலைக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1954-ஆம் ஆண்டில் கறுப்பினக் குழந்தைகளைத் தனிப் பள்ளிகளில் ஒதுக்கி வைப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரௌன் வழக்கு என்று உலகறிந்த அத்தீர்ப்பை வேறு சில பெற்றோர்களும் ஊன்றிப் படித்தார்கள். அரசு கல்வி வழங்கத் தொடங்கிவிட்டால் அதனை எல்லார்க்கும் சமமாக வழங்கவேண்டும் என்பது விதியானால், எங்கள் குழந்தைகள் மட்டும் ‘எல்லாரில்’ சேராதவர்களா என்று அவர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். அதற்கு விடை கிடைக்க மேலும் பதினேழு ஆண்டுகள் ஆயின.

விடை முதலில் பென்சில்வேனியாவிலிருந்து வந்தது. அம்மாநிலச் சட்டத்தின்படி, ஐந்து வயதுக் குழந்தைக்குரிய மனவளர்ச்சியை எட்டாத பிள்ளைகளைப் பள்ளிகள் சேர்த்துக்கொள்ள மறுக்கலாம். அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் பெற்றோர்கள் அமைத்திருந்த சங்கம் 1971 ஜனவரியில் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. அவர்களுக்காக வாதாடிய இளம் வழக்கறிஞரின் பெயர் தாமஸ் கில்ஹூல். இப்பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் வேறொரு வேடத்தில் அவரை மறுபடியும் காண்போம். கற்பித்தால் கற்றுக்கொள்ளாத குழந்தை என்று ஒன்று இல்லை என நிபுணர்கள் சாட்சியம் கூறத் தொடங்கியதும், மாநில அரசு வழக்கை நீட்டாமல் உடன்பாட்டுக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் உடன்படிக்கை எழுதப்பட்டது. 1972-இல் அது இறுதியாயிற்று.

பென்சில்வேனியாவை அடுத்துத் தலைநகர் வாஷிங்டனில் எழுந்த மில்ஸ் வழக்கு நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. பள்ளியில் இடம் மறுக்கப்பட்டவர்களும், இடையில் வெளியேற்றப்பட்டவர்களுமான ஏழு குழந்தைகளின் பெயரால் அது தொடுக்கப்பட்டது. அந்த ஏழு பேர் ஒரு பெருங்கூட்டத்தின் பிரதிநிதிகள். அந்நகரில் குறைபாடுடைய குழந்தைகள் ஏறத்தாழ 22,000 பேர் என்றும், அவர்களில் 18,000 பேர் வரை தமக்குரிய கல்வி எதையும் பெறவில்லை என்றும் கணக்கிடப்பட்டிருந்தது. நகரக் கல்வி வாரியம் தன் கடமையை மறுக்கவில்லை; பணம் இல்லை என்று மட்டும் சொன்னது. எல்லாக் காலத்திலும் எல்லா நாட்டிலும் கேட்கின்ற குரல்தான் இது. நீதிபதி ஜோசப் வாடி 1972 ஆகஸ்டில் அளித்த தீர்ப்பில் அதற்கு விடை கூறினார். பணம் போதவில்லையாயின் இருக்கின்ற பணத்தை எல்லாக் குழந்தைகளுக்கும் நேர்மையாகப் பங்கிட வேண்டும். பற்றாக்குறையின் சுமை முழுவதையும் குறைபாடுடைய குழந்தையின் தலையில் ஏற்றக்கூடாது என்பது அவ்விடையின் சாரம்.

அத்தீர்ப்பின் உட்பிரிவுகளில் ஒரு சிறு தொடர் இருக்கிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் எந்தப் பள்ளி, எத்தகைய பாடம் என்று திட்டம் வகுக்கும்போது, தேவையான இடங்களில் ஈட்டுக் கல்வியும் அத்திட்டத்தில் அடங்கவேண்டும் என்று அது கூறுகிறது. நாளையிலிருந்து பள்ளிக்கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது, மூடியிருந்த காலத்துக்கும் பள்ளி பொறுப்பேற்க வேண்டும் என்பது அதன் கருத்து. அன்றைய செய்தித்தாள்கள் இத்தொடரைப் பெரிதுபடுத்தியிருக்கமாட்டா. ஆயினும் பின்வந்த வரலாறு முழுவதற்கும் வித்து அதுவே என்பது என் எண்ணம்.

இவ்விரு வழக்குகளின் விளைவாக நாடு முழுவதும் வழக்குகள் கிளைத்தன. காங்கிரஸ் சபை ஆராய்ந்து பார்த்தபோது, குறைபாடுடைய குழந்தைகள் 80 இலட்சத்துக்கு மேல் இருப்பதும், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தக்க கல்வியைப் பெறாமலிருப்பதும், 10 இலட்சம் பேர் பொதுப் பள்ளியிலிருந்து முற்றாக விலக்கப்பட்டிருப்பதும் தெரியவந்தன. 1975 நவம்பர் 29-ஆம் நாள் ஜனாதிபதி ஜெரால்டு போர்டு ஒரு புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். குறைபாடுடைய ஒவ்வொரு குழந்தைக்கும் அதற்கு ஏற்ற கல்வியைக் கட்டணமின்றித் தருவது, அவரவர்க்கென்று தனித்தனியே கல்வித் திட்டம் எழுதுவது, பள்ளியின் முடிவு பிடிக்காத பெற்றோர் விசாரணை அதிகாரியிடமும் பின்னர் நீதிமன்றத்திடமும் முறையிடுவது ஆகிய உரிமைகளை அச்சட்டம் அளித்தது. 1990-இல் அதன் பெயர் மாற்றுத்திறனாளர் கல்விச் சட்டம் என்று மாறியது.

கையெழுத்திட்ட போர்டே, நிறைவேற்ற இயலாததைச் சட்டம் வாக்களிக்கிறது என்று மனக்குறையோடு அறிக்கை விட்டார். அவர் அஞ்சியதில் ஒரு பாதி பலித்தது. ஒரு மாணவனுக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 விழுக்காடு வரை மத்திய அரசு தரும் என்னும் ஏற்பாடு எந்த ஆண்டிலும் முழுமையாக நிறைவேறவில்லை. சுமை மாநிலங்களின் மீதும் ஊர்ப் பள்ளி வாரியங்களின் மீதுமே விழுந்தது.

சட்டம் வந்தது, கடமை பிறந்தது. கடமை தவறினால் என்ன தண்டம்? இதனைச் சட்டம் விரித்துரைக்கவில்லை. நீதிமன்றம் தனக்குத் தகுதியெனத் தோன்றும் நிவாரணத்தை வழங்கலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அந்த ஒரு வரியின் பொருள் என்ன என்பதைத் தேடியே அடுத்த பல ஆண்டுகள் கழிந்தன.

தொடக்கத்தில் நீதிமன்றங்கள் கையை இறுக்கிக்கொண்டன. பள்ளி தவறு செய்திருந்தால், இனிமேல் சரியாகச் செய் என்று ஆணையிடலாம். கழிந்துபோன காலத்துக்காக எதையும் கேட்க இயலாது என்றே பல மன்றங்கள் கூறின. கழிந்த காலத்துக்குக் கேட்பது நஷ்டஈடு கேட்பதாகும். ஊர் வரிப்பணத்தை நஷ்டஈடாகக் கொடுத்துவிட்டால் நாளைய மாணவர்களுக்குப் பணம் எங்கே என்பது அவற்றின் வாதம். மிசூரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் வட்டாரத்தைச் சேர்ந்த தந்தை ஒருவர் தம் மகளுக்காக வழக்காடியபோது, 1982-இல் மேல்முறையீட்டு மன்றம் இந்த நோக்கிலேயே அவருடைய கோரிக்கையை மறுத்தது. இந்த வாதத்தில் சிறிது உண்மை இருக்கிறது. ஆனால் இதன் நடைமுறை விளைவை எண்ணிப் பாருங்கள். பள்ளி வழக்கை எவ்வளவுக்கு எவ்வளவு இழுத்தடிக்கிறதோ அவ்வளவுக்கு அவ்வளவு அதற்குச் செலவு மிச்சம். குழந்தை வளர்ந்து பள்ளிப் பருவத்தைத் தாண்டிவிட்டால் கணக்கே தீர்ந்தது!

வாக்குறுதியின் அளவு எவ்வளவு என்னும் கேள்வியும் அதே 1982-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. செவித்திறன் குறைந்த சிறுமி ஒருத்திக்கு வகுப்பில் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நியூயார்க் மாநிலப் பெற்றோர் கேட்டனர். குழந்தையின் ஆற்றல் முழுவதையும் மலரச்செய்யும் கல்வியைச் சட்டம் வாக்களிக்கவில்லை, பயன்தரும் அளவுக்கு ஒரு கல்வியையே வாக்களிக்கிறது என்று கூறி, நீதிபதி வில்லியம் ரென்குவிஸ்ட் எழுதிய தீர்ப்பு அதனை மறுத்தது. குழந்தையின் நிலைக்கு ஏற்ற முன்னேற்றத்தைத் தரக்கூடியதாகக் கல்வித் திட்டம் இருக்கவேண்டும், பெயரளவுக்குச் சிறிது பயன் கிடைத்தால் போதாது என்று அதே மன்றம் தெளிவுபடுத்தியது 2017-இல்தான். இடையில் சென்றவை 35 ஆண்டுகள்.

ஆயினும் அதே ரென்குவிஸ்டின் கையாலேயே அடுத்த கதவு திறந்தது என்பது வரலாற்றின் சுவையான திருப்பங்களில் ஒன்று. மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பர்லிங்டன் நகரில் மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவனுக்குக் கற்றலில் இடர்ப்பாடு இருந்தது. 1979-இல் நகரப் பள்ளி வகுத்த திட்டம் அவனுக்குப் போதாது என்று கருதிய தந்தை, தம் சொந்தச் செலவில் அவனை லிங்கன் நகரிலிருந்த கேரல் பள்ளியில் சேர்த்துவிட்டு வழக்காடினார். வழக்கு ஊர்ந்து ஊர்ந்து 1985-இல் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. தந்தை செய்தது சரியென்று முடிவானால், அவர் செலவழித்த பணத்தைப் பள்ளி வாரியம் திருப்பித் தரவேண்டும் என்று நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாகக் கூறினர். அது நஷ்டஈடு ஆகாதா? ஆகாது என்றார் ரென்குவிஸ்ட். முதலிலேயே கொடுத்திருக்க வேண்டிய பணத்தைப் பள்ளி இப்போது காலந்தாழ்த்திக் கொடுக்கிறது, அவ்வளவே என்பது அவர் தந்த விளக்கம். நஷ்டஈடு என்பது வேறு, பழைய பாக்கி என்பது வேறு. இந்த நுட்பமான வேறுபாடுதான் பூட்டைத் திறந்த சாவி.

பர்லிங்டன் தீர்ப்பு யாருக்குப் பயன்பட்டது? கையிலிருந்து பணத்தைக் கட்டித் தனிப் பள்ளியில் சேர்க்கும் வசதி படைத்த பெற்றோருக்கு. அவ்வசதி இல்லாத தாய் தந்தையரின் குழந்தை, வழக்கு முடியும்வரை ஒன்றும் கல்லாமல் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கும். அவர்கள் எதையும் செலவழிக்கவில்லை. ஆகவே திருப்பிப் பெறவும் ஒன்றுமில்லை. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு நீதியும், ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வெறுங்கையுமா?

இந்தக் கேள்வியைத்தான் மிசூரித் தந்தை மறுபடியும் எழுப்பினார். 1982-இல் கதவைச் சாத்திய அதே மேல்முறையீட்டு மன்றம், பர்லிங்டன் தீர்ப்பைக் கண்டபின் 1986-இல் தன் கருத்தை மாற்றிக்கொண்டது. பெற்றோரிடம் முன்பணம் கட்டும் சக்தி இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்துக் குழந்தையின் உரிமை மாறுவதைச் சட்டம் விரும்பியிருக்க முடியாது என்று அது கூறிற்று. பணம் செலவழித்தவருக்குப் பள்ளி பணமாகத் திருப்பித் தருவது போல, கல்வியை இழந்தவருக்குக் கல்வியாகத் திருப்பித் தரலாம் என்பது முடிவு. மில்ஸ் தீர்ப்பில் சிறு தொடராகக் கிடந்த வித்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் முளைத்தது. நான் அறிந்தவரையில், ஏழைகளுக்கென்று தனியே சட்டம் எழுதாமல், சட்டத்தின் தருக்கத்தைக் கடைசிவரை கொண்டு சென்றதனாலேயே ஏழைகளுக்குக் கிடைத்த நன்மைகளில் இது குறிப்பிடத்தக்கது.

அடுத்த தடை வயது. சட்டம் தரும் கல்வி பொதுவாக 21 வயதோடு நின்றுவிடும். அதன்பின் எப்படி ஈடுசெய்வது? பென்சில்வேனியாவின் செஸ்டர் அப்லண்ட் பள்ளி வட்டாரத்தில், கடுமையான குறைபாடுடைய சிறுவன் ஒருவனுக்குப் பொருந்தாத பள்ளியே கொடுக்கப்பட்டிருந்தது. அது பொருந்தாது என்று வட்டாரமே ஒப்புக்கொண்ட பின்னரும், ஏற்ற பள்ளியில் அவனைச் சேர்க்க நெடுங்காலம் பிடித்தது. 21 வயதுக்குப் பின்னும் 30 மாதங்கள் அவனுக்குக் கல்வி தரவேண்டும் என்ற ஆணையை 1990-இல் மேல்முறையீட்டு மன்றம் உறுதி செய்தது. வயது வரம்பைக் காட்டிக் கடனிலிருந்து நழுவ முடியாது என்று ஆயிற்று.

அந்த வழக்கில் எதிர்வாதியாக மாநிலக் கல்விச் செயலாளரின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. அப்பெயர் கில்ஹூல்! 1971-இல் பெற்றோர் சங்கத்துக்காக வாதாடிய அதே தாமஸ் கில்ஹூல் 1987 முதல் 1989 வரை அப்பதவியை வகித்தார். பதவியில் இருப்பவரின் பெயரால் வழக்குத் தொடுப்பது அந்நாட்டு முறை. ஆகையால் அது அவர்மீது விழுந்த பழி அன்று. எனினும், குழந்தைகளுக்காகப் பள்ளிக்கதவைத் தட்டித் திறந்தவரின் பெயரே, அக்கதவுக்குள் நேர்ந்த குறைக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கின் தலைப்பில் நிலைத்துவிட்டது. இன்றும் சட்ட மாணவர்கள் ஈட்டுக் கல்வியைப் படிக்கும்போது அப்பெயரைச் சொல்லியே படிக்கிறார்கள்.

பள்ளி வேண்டுமென்றே தீங்கு செய்திருந்தால்தான் ஈடு தரவேண்டுமா என்னும் கேள்விக்கு 1996-இல் நியூஜெர்சி வழக்கு ஒன்றில் விடை கிடைத்தது. தீய எண்ணத்தை நிரூபிக்கத் தேவையில்லை. குழந்தைக்குத் தக்க கல்வி கிடைக்கவில்லை என்பதைப் பள்ளி அறிந்த நாளிலிருந்து, அல்லது அறிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கடன் ஏறத் தொடங்கும். அதனைத் திருத்திக்கொள்ள நியாயமாகத் தேவைப்படும் காலத்தை மட்டும் கழித்துக்கொள்ளலாம். பள்ளியின் மனத்தை ஆராய்வதை விட்டுக் குழந்தையின் இழப்பை ஆராயும்படி இத்தீர்ப்பு நீதிபதிகளின் பார்வையைத் திருப்பிவிட்டது.

இனி மரக்கால் கேள்விக்கு வருவோம். தலைநகர் வாஷிங்டனில், கற்றலில் இடர்ப்பாடுடைய மாணவன் ஒருவனுக்கு நாலரை ஆண்டுகள் நகரப் பள்ளிகள் தக்க கல்வி தரவில்லை என்று விசாரணை அதிகாரி கண்டார். ஈட்டை அவர் கணக்கிட்ட விதம் எளிமையானது. ஆண்டுக்கு 180 பள்ளி நாட்கள். நாலரை ஆண்டுக்கு 810 நாட்கள். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்து 810 மணி நேரத் தனிப்பயிற்சி தரவேண்டும் என்று எழுதிவிட்டார். ஏன் ஒரு மணி? ஏன் இரண்டு மணி அன்று? அதற்கு அவரிடம் விடை இல்லை. மாணவனின் தரப்போ, இழந்த ஒவ்வொரு மணிக்கும் ஒரு மணி வீதம் முழுமையாகத் தரவேண்டும் என்று கேட்டது.

ரீட் வழக்கு என்று பெயர் பெற்ற இவ்வழக்கில் 2005-ஆம் ஆண்டு மார்ச்சில் மேல்முறையீட்டு மன்றத்தின் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டேவிட் டேட்டல். அவர் கண்நோயினால் பார்வையை இழந்தவர்; 1977 முதல் 1979 வரை மத்திய அரசின் குடியுரிமை அலுவலகத்தின் தலைவராக இருந்து, கல்வியில் பாகுபாடு ஒழிப்பதை நிருவாகத்தின் பக்கத்திலிருந்து கண்டவர். தம் நிலையைப் பற்றி அவர் தீர்ப்பில் ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுதவேண்டிய தேவையும் இல்லை. இரு தரப்பாரின் வாய்பாடுகளையும் அவர் தள்ளிவிட்டார். இழந்த மணியை எண்ணுவது இழப்பை அளப்பது ஆகாது. ஒரு மாணவனுக்குச் சில திங்கள் தீவிரப் பயிற்சியே போதுமாயிருக்கலாம். இன்னொருவனுக்கு இழந்ததைக் காட்டிலும் கூடுதல் காலம் தேவைப்படலாம். பள்ளி தன் கடமையைச் செய்திருந்தால் இந்தக் குழந்தை இன்று எந்த இடத்தில் நின்றிருக்கும் என்று பார்க்கவேண்டும். அந்த இடத்துக்கு அவனைக் கொண்டுசெல்ல எது தேவையோ அதுவே ஈடு. இதுதான் அத்தீர்ப்பின் உள்ளுரை. அத்துடன், விதிக்கப்பட்ட பயிற்சியைக் குறைக்கவோ நிறுத்தவோ பள்ளிக் குழுவிடமே அதிகாரம் விடுவதும் தவறு என்று அது கூறிற்று. கடன்பட்டவனே கடன் சீட்டைத் திருத்தி எழுத விடலாமா?

கருத்தளவில் இதைவிட அழகிய அளவுகோல் கிடைப்பது அரிது. நடைமுறையில் இதற்கும் ஒரு விலை உண்டு. மணிக்கணக்கு என்றால் ஏழைத் தாயும் விரல்விட்டு எண்ணிக் கேட்டுவிடலாம். ‘நின்றிருக்கவேண்டிய இடம்’ எது என்று நிறுவ வேண்டுமானால் உளநூல் வல்லுநர் வேண்டும், சோதனைகள் வேண்டும், அறிக்கைகள் வேண்டும். அவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும். அவ்வாண்டிலேயே நவம்பரில், பள்ளியின் திட்டம் தவறு என்று நிரூபிக்கும் பொறுப்பு அதை எதிர்த்து முறையிடுபவரையே சாரும் என்று மேரிலாந்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் கூறியது. முறையிடுபவர் பெரும்பாலும் பெற்றோரே. வெற்றி பெற்ற பெற்றோருக்கு வழக்கறிஞர் கட்டணத்தைத் திருப்பித் தரலாம் என்று 1986-இல் காங்கிரஸ் இயற்றிய விதி இருந்தது. நிபுணர்களுக்குக் கொடுத்த கட்டணம் அதில் அடங்காது என்று 2006-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. குறையை அறிந்த அல்லது அறிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து பொதுவாக இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும் என்னும் கெடுவும் 2004-இன் திருத்தச் சட்டத்தால் ஏற்பட்டது. 1986-இல் மிசூரித் தீர்ப்பு அகற்றிய வேறுபாடு இவ்வாறு பின்வாசல் வழியே திரும்பி வந்தது என்று சொன்னால் மிகையாகாது. இவ்வரலாற்றில் எனக்கு மிகுந்த மனக்குறை தருவது இப்பகுதியே.

ஆயினும் உரிமை செத்துவிடவில்லை. விடுமுறைக் காலப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, தனி ஆசிரியர், கற்றலுக்குத் துணைசெய்யும் கருவிகள், பள்ளிப் பருவம் கடந்த பின்னரும் தொடரும் பயிற்சி எனப் பல வடிவங்களில் ஈட்டுக் கல்வி வழங்கப்பட்டு வருகிறது. பெரும்பாலானவை நீதிமன்றம்வரை செல்லாமல், விசாரணை அறையிலேயே உடன்பாட்டில் முடிகின்றன.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் நாடெங்கும் பள்ளிகள் மூடப்பட்டபோது இக்கடன் ஒரே நாளில் இலட்சக்கணக்கான குழந்தைகளின் பெயரில் எழுதப்பட்டது. கணினித் திரையின் வழியே வகுப்பு நடந்தது. கையைப் பிடித்து எழுதப் பழக்கவேண்டிய குழந்தைக்கும், நாவை அசைத்துக் காட்டிப் பேசப் பயிற்றவேண்டிய குழந்தைக்கும் திரை என்ன செய்யும்? 60,000-க்கும் மேற்பட்ட மாற்றுத்திறன் மாணவர்களைக் கொண்ட லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளி வட்டாரம், பள்ளி மூடியது தன் குற்றமன்று, ஆகவே ஈட்டுக் கல்வி தரும் பொறுப்பும் தனக்கு இல்லை என்று தன் ஊழியர்களுக்கு அறிவித்திருந்தது. மத்தியக் கல்வித் துறையின் குடியுரிமை அலுவலகம் இதனை ஆராய்ந்து ஏற்க மறுத்தது. குற்றம் யாருடையது என்பதன்று கேள்வி, குழந்தைக்குக் கிடைக்காமற் போனது என்ன என்பதே கேள்வி என்னும் அந்த நியூஜெர்சி நோக்கே இங்கும் நின்றது. 2022 ஏப்ரலில் அவ்வட்டாரமும், அதே ஆண்டு நவம்பரில் 25,000-க்கும் மேற்பட்ட மாற்றுத்திறன் மாணவர்களைக் கொண்ட வர்ஜீனியாவின் பேர்பாக்ஸ் வட்டாரமும், ஒவ்வொரு மாணவனின் நிலையையும் தனித்தனியே ஆராய்ந்து உரிய ஈட்டுக் கல்வியைத் தர உடன்பட்டன.

கல்வியைக் கல்வியாகவே திருப்பித் தந்துவிட்டால் கணக்கு முழுவதும் தீர்ந்துவிடுமா? மிச்சிகன் மாநிலத்தின் ஸ்டர்ஜிஸ் நகரில் செவித்திறனற்ற மாணவன் ஒருவன் 9 வயது முதல் 20 வயதுவரை படித்தான். அவனுக்கென்று அமர்த்திய உதவியாளர்கள் தகுதியற்றவர்கள். அவர்களுள் ஒருவர் சைகை மொழியைத் தாமே கற்றுக்கொள்ள முயன்றவர். அவர்கள் மணிக்கணக்கில் வகுப்பிலேயே இல்லாத நாட்களும் உண்டு. ஆயினும் பள்ளி நல்ல மதிப்பெண்களை இட்டு ஆண்டுதோறும் அவனை மேல்வகுப்புக்கு ஏற்றிக்கொண்டே வந்தது. பள்ளி முடியச் சில திங்களே இருந்தபோதுதான், அவனுக்குப் பட்டயம் கிடைக்காது என்பது பெற்றோருக்குத் தெரிந்தது. இவை அவன் தரப்பின் குற்றச்சாட்டுகள்.

கல்விச் சட்டத்தின் கீழ் அவர்கள் முறையிட்டார்கள். பள்ளி வட்டாரம் உடன்பாட்டுக்கு வந்து, மிச்சிகன் செவித்திறனற்றோர் பள்ளியில் அவனுக்கு மேலும் கல்வி தர ஒப்புக்கொண்டது. ஈட்டுக் கல்வி கிடைத்துவிட்டது. பின்னர் அவ்விளைஞன் 1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டத்தின் கீழ் இன்னொரு வழக்குத் தொடுத்து, கழிந்துபோன ஆண்டுகளுக்குப் பணமாக ஈடு கேட்டான். உடன்பாடு செய்துகொண்ட பின் இது செல்லாது என்று கீழ்மன்றங்கள் தள்ளின. 2023 மார்ச் 21-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவற்றை மாற்றியது. கல்விச் சட்டத்தால் தர இயலாத நிவாரணத்தைக் கேட்பவன் அச்சட்டத்தின் விசாரணை முறை முழுவதையும் முடித்துவிட்டு வரவேண்டும் என்பதில்லை என்று நீதிபதி நீல் கார்சச் எழுதினார். எட்டு நீதிபதிகளும் அவரோடு உடன்பட்டனர். பதினோர் ஆண்டுகளின் விலை என்ன என்பதை அவர்கள் சொல்லவில்லை. அதனை வாதிடும்படி வழக்கை மிச்சிகனுக்கே திருப்பி அனுப்பினார்கள்.